ஏழாம் விதியின் கடைசி வாக்கியம்

பாலர் பாடசாலை ஆசிரியைகளுக்காக நான் எழுதிய தாளில் பதினொரு விதிகள் இருந்தன. பத்து விதிகளை எவரும் எதிர்க்கவில்லை. ஏழாம் விதியிலும் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றவற்றில் எவருக்கும் முறைப்பாடு இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டால் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டலாம் என்று நிர்வாகக் குழுவின் தலைவர் சொல்லியனுப்பினார். தலைவர் என் காலஞ்சென்ற மனைவியின் மூத்த சகோதரர், எனக்கு மச்சான். எடுக்கமாட்டேன் என்று நானும் சொல்லியனுப்பினேன்.

விதி இதுதான்: தொண்டையில் ஏதேனும் அடைத்த பிள்ளை இருமிக்கொண்டிருந்தால், முன்னே குனியவைத்து இருமவிட வேண்டும். இருமல் நின்று, குரல் எழாமல், உதடு நீலம் பாய்ந்தால், பிள்ளையை மடியில் குப்புறச் சாய்த்து, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து முறை அடித்து வாயைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை உள்ளே விடக் கூடாது. தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஸம்ஸம் தண்ணீரும் கொடுக்கக் கூடாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, போர்க்காலம் அது. அந்த ஆண்டுகளில் எங்கள் கரையோர ஊர்களில் மரணம் பல வழிகளில் வந்தது. வயலுக்குப் போனவர் திரும்பாமல் இருந்தார். கடலுக்குப் போனவரின் தோணி மட்டும் திரும்பியது. அவற்றை நிறுத்தும் வழி எம்மிடம் இருக்கவில்லை. நான் எழுதிய பதினொரு விதிகளும் நிறுத்தக்கூடிய மரணங்களைப் பற்றியவை. ஆகவேதான் அவற்றில் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்க நான் உடன்படவில்லை. அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

அவ்வாண்டு மச்சான் ஹஜ் கடமையை முடித்துத் திரும்பியிருந்தார். எங்கள் கல்முனைக்குடியில் ஒரு ஹாஜியார் வந்திறங்கினால் இரண்டு பொருட்கள் வீடு வீடாகப் போகும்: பேரீச்சம்பழமும், மக்காவின் புனித ஊற்றிலிருந்து கொண்டுவரும் ஸம்ஸம் தண்ணீரும். பழம் ஆளுக்கு ஒன்று. தண்ணீர் சிறிய கோப்பையில் ஒரு மிடறு. அதை எழுந்து நின்று, மக்கா இருக்கும் கிப்லாத் திசையை நோக்கி, பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடிப்பார்கள். பழம் மதீனாவுடையதானால் அதன் விதையையும் எறிவதில்லை. பெண்கள் அதைக் கழுவித் துடைத்து அலுமாரிக்குள் வைப்பார்கள். சிலர் இடித்துத் தூளாக்கி மருந்தென்று வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருந்தது. இதில் எதையும் நான் பழிக்கவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் உயிரியல் கற்பித்த நானும் அந்த விதைகளைக் கையில் எடுத்தால் முத்தமிட்டே வைப்பேன்.

நேசரி என்று நாங்கள் சொல்லும் பாலர் பாடசாலையின் பிள்ளைகளுக்கும் பழமும் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்பது மச்சானின் விருப்பம். அன்று அவருக்குக் காய்ச்சல். தமக்குப் பதிலாக என்னைப் போகச் சொன்னார். என் பேத்தியும் அங்கேதான் படித்தாள். அவளுக்கு நாலரை வயது. நேசரி, கடலுக்குப் போகும் ஒழுங்கையொன்றில், தகரக் கூரையிட்ட ஒற்றை மண்டபம். அதன் ஆசிரியை என்னிடம் உயர்தர வகுப்பில் படித்தவர். பழப் பாத்திரத்தைப் பார்த்ததும் அவர் கேட்டார்:

"சேர், விதைய எடுத்துட்டுக் குடுப்பமா? எல்லாம் சின்னப் புள்ளைகள்."

"மதீனாப் பழத்த நோண்டிக் குடுக்கிறதா டீச்சர்? முழுசாக் குடுங்க. விதைய உம்மாமாருக்குக் கொண்டுபோய்க் குடுக்கட்டும்."

சொன்னது நான். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "விதைய எறியப்படாது, வீட்ட கொண்டுபோய் உம்மாட கையில குடுக்கணும்" என்று உரத்துச் சொன்னதும் நான்தான். பிள்ளைகள் ஒரே குரலில் "ஓம் சேர்" என்றார்கள்.

என் பேத்தியின் சட்டையில் பை இருக்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் தண்ணீர்க் கோப்பையைப் பிடித்திருந்தன. ஒரு பக்கக் கன்னம் புடைத்திருப்பதைக் கண்டு, "என்ன கிளி, வாய்க்குள்ள?" என்று கேட்டேன். "உம்மாக்கு" என்றாள். சொல்லப்பட்டதைச் சொல்லப்பட்டபடியே செய்யும் பிள்ளை அவள். விதையைப் பத்திரமாக வைத்திருக்க அவளுக்குத் தெரிந்த இடம் அது. நான் சிரித்தேன். துப்பு என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சிறுமி ஏதோ சொல்ல, அவளும் சிரித்தாள். சிரிப்பு நடுவில் அறுந்து இருமலாயிற்று.

ஆசிரியை என்னைவிட விரைவாக வந்தார். பிள்ளையை முன்னே குனியவைத்து, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி, "இருமுங்க மனெ, நல்லா இருமுங்க" என்றார். பேத்தி கண்ணில் நீர் வழிய இருமினாள். இருமல் சத்தமாக இருந்தது. அந்தச் சத்தத்தை நான் இன்றும் ஓர் ஆறுதலாகக் கேட்கிறேன். சத்தம் இருந்தவரை மூச்சு இருந்தது.

"டீச்சர், புள்ளய நிமித்துங்க. ஒரு மொடறு தண்ணி குடுப்பம்."

"வேணாம் சேர். இருமட்டும். தண்ணி குடுக்கப்படா."

"இது சும்மா தண்ணி இல்ல டீச்சர். ஸம்ஸம்."

அவருடைய கை தளர்ந்தது. அவர் எனக்குக் கீழ்ப்படிந்தது அந்தத் தண்ணீரின் கண்ணியத்துக்காகவா, பதினேழு வயதில் என் வகுப்பில் எழுந்து நின்று பழகிய பழக்கத்தினாலா என்பதை அவரும் பிறகு பிரித்துச் சொல்லவில்லை. நான் பிள்ளையின் தலையை நிமிர்த்தி, பிஸ்மில்லாஹ் சொல்லி, ஊற்றினேன். இருமல் நின்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நான் நிம்மதியடைந்தேன்.

மூச்சுக்குழலின் வாயில் இருக்கும் சிறு மூடியை முப்பத்தொரு ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்தவன் நான். விழுங்கும்போது அது மூடும், மூச்சு இழுக்கும்போது திறக்கும் என்பதை அம்புக்குறி போட்டு விளக்கியவன். மூச்சுக்குத் திணறும் பிள்ளையின் வாயில் நீரை ஊற்றினால் அது எந்த வழியில் போகும் என்று பரீட்சையில் கேட்டிருந்தால் என் மாணவர் எல்லோரும் சரியாக எழுதியிருப்பார்கள்.

முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஆசிரியை பிள்ளையை மடியில் குப்புறப் போட்டு முதுகில் அடித்துக்கொண்டே வந்தார். அப்போது அடிப்பதே சரியான செயல். வீதியில் நின்றவர்கள் கண்டது அதை மட்டுந்தான்.

வைத்தியர் இளைஞர். எல்லாம் முடிந்தபின் விதையைப் பஞ்சில் வைத்து என்னிடம் தந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இருமிக்கொண்டா இருந்தா பிள்ளை?"

"ஓம்."

"குடிக்க ஏதும் குடுத்தீங்களா?"

"இல்லை" என்றேன்.

ஆசிரியை என் அருகில் நின்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எதுவும் சொல்லவுமில்லை.

ஊர் திரண்டு வந்தது. வந்தவர் அனைவரும் ஒன்றையே சொன்னார்கள்: "நஸீபு சேர். அவட ஹயாத்து அவ்வளவுதான்." விதிக்கப்பட்ட ஆயுள் அவ்வளவுதான் என்று அன்பினால் சொன்னார்கள். நான் தலையசைத்தேன். ஆனால் அதே வாய்கள் வாசலைத் தாண்டியதும் வேறொன்றும் சொல்லின: டீச்சர் முதுகில் குத்தியதால்தான் விதை உள்ளே இறங்கியது. ஏழாம் நாள் கத்தம் ஓதுமுன்பே, "கொஞ்ச நாளைக்கி ஓய்வா இரிங்க" என்று நிர்வாகக் குழு ஆசிரியையை வீட்டில் நிறுத்தியது. எனக்குத் தெரிந்தே நிறுத்தியது. நான் அதற்கும் தலையசைத்தேன் என்று எழுத வேண்டியிருக்கிறது.

தாள் எழுதும் எண்ணம் நாற்பதாம் நாளுக்குப் பிறகு வந்தது. குற்ற உணர்வு என்று இதற்குப் பெயரிட எனக்கு விருப்பமில்லை. அந்தச் சொல் மனிதனை மூலையில் உட்காரவைப்பது. எனக்கு உட்கார முடியவில்லை. தமிழர் ஊரான பாண்டிருப்பில் வசித்த பொதுச் சுகாதாரத் தாதி ஒருவரைத் தேடிப் போனேன். சுற்றியுள்ள நேசரிகளின் ஆசிரியைகளுக்கு முதலுதவி சொல்லித்தர முடியுமா என்று கேட்டேன். இரண்டு ஊர்களுக்கும் இடையே அப்போது போக்குவரத்து எளிதாக இருக்கவில்லை. எல்லைச் சந்தியைத் தாண்டும்போது இரு பக்கத்தவரும் நடையை விரைவாக்குவார்கள். அவர் யோசித்துவிட்டு, "பிள்ளையள் விசயம் எண்டா வாறன் சேர். பின்னேரம் வெளிச்சம் இருக்கேக்க மட்டும் வெச்சுக்கொள்ளுங்க" என்றார்.

நான்கு பிற்பகல்கள் எங்கள் நேசரி மண்டபத்துக்கு வந்தார். மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் ஆசிரியைகள் வந்தார்கள். பொம்மை இல்லாததால் தலையணையைப் பிள்ளையாக்கினார். ஓர் ஆசிரியை அதைத் தடவிக்கொடுப்பதுபோல் தட்ட, தாதி சொன்னார்:

"என்ன டீச்சர், தாலாட்டுறீங்க? அடைச்ச பிள்ளை நித்திரையாகவா போகுது? அடியுங்க!"

அடுத்தவர் ஓங்கி அடித்த அடியில் தையல் விட்டு இலவம் பஞ்சு பறந்தது.

"இவட புருஷன் பாவம்" என்றது பின்வரிசை. மண்டபம் சிரித்தது. அவ்வளவு நாட்களுக்குப் பிறகு அந்தக் கூரையின் கீழ் எழுந்த முதற் சிரிப்பு அது. எனக்கு அது வலிக்கவில்லை. அது அங்கே எழ வேண்டும் என்றே நான் விரும்பியிருந்தேன்.

அவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்துதான் என் விதிகள் பிறந்தன. வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைக் கொடுக்கலாமா? வேண்டாம், வாய்க்குள் கரண்டியும் வேண்டாம், பக்கவாட்டில் சாய்த்து, இடிபடக்கூடிய பொருட்களை அகற்றி, நேரத்தைப் பார்க்க வேண்டும். சுட்ட இடத்தில் பற்பசை? வேண்டாம், நிறையக் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். சோடாப் போத்தலில் வைத்திருந்த மண்ணெண்ணெயைக் குடித்த பிள்ளைக்குத் தேங்காய்ப் பால் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கலாமா? வேண்டவே வேண்டாம், எண்ணெய் திரும்பி வரும்போது நெஞ்சுக்குள் இறங்கும். மருதமுனை ஆசிரியை ஒருவர், நூலுக்குச் சாயம் போடும் வீடுகளில் இருக்கும் காஸ்டிக் சோடாத் தூளைப் பற்றிக் கேட்டார். அதற்கும் அதே விடை. ஒவ்வொரு விடையையும் நான் எழுதிக்கொண்டேன்.

தொண்டை அடைப்பு நான்காம் நாளில் வந்தது. தண்ணீர் கொடுக்கவே கூடாது என்று தாதி இரண்டு முறை சொன்னார். எல்லோரும் தலையசைத்தார்கள். பிறகு ஒருவர், படித்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய், கையை உயர்த்தினார்:

"மிஸ், ஸம்ஸம் எண்டாக் குடுக்கலாம்தானே?"

தாதிக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. அந்த முகங்களில் சந்தேகம் இருக்கவில்லை; "ஓம்" என்ற விடைக்கான ஆயத்தமே இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. எங்கள் ஊரில் தண்ணீர் என்று சொன்னால் அதற்குள் ஸம்ஸம் அடங்காது. அதை எவரும் தண்ணீரோடு சேர்த்து எண்ணுவதில்லை. நானும் எண்ணவில்லை.

"குடுக்கப்படா" என்றேன். அன்று மாலையே கடைசி வாக்கியத்தை எழுதினேன்.

மச்சான் அதை வாசித்த மறுநாள் தகவல் வந்தது, வாக்கியத்தை எடு. நான் மறுத்தேன். பிறகு நல்லவர்கள் சிலர் வந்தார்கள். "சேர், அந்த மனிசன்ட மனசு நோகும்" என்றார்கள். அதற்குப் பின் அவ்வளவு நல்லவர் அல்லாத சிலர் வந்தார்கள். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் நேசரியில் கூட்டம் என்று முடிவாயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் என் மகளிடம் போனேன். அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர் கத்தாரில். ஜனாஸா அடக்கத்துக்கு அவரால் வந்துசேர முடியவில்லை. வீடு அவளுடையது, நான் அதன் முன்னறையில் இருப்பவன். ஊரார் முன்னால் சொல்லப்போவதை முதலில் கேட்கும் உரிமை அவளுக்கு இருந்தது. நின்றபடியே சொன்னேன். விதையோடு கொடுக்கச் சொன்னது நான். தண்ணீர் ஊற்றியது நான். வைத்தியரிடம் பொய் சொன்னதும் நான்.

துருவல் நின்றது.

"எனக்குத் தெரியும் வாப்பா."

"டீச்சர் சொன்னாவா?"

"அவ ஒண்டும் சொல்லல்ல. ஆஸ்பத்திரில ஒங்கட கையில கோப்ப இரிந்திச்சு. வெறுங் கோப்ப. நீங்க அத வீடு வரைக்கும் புடிச்சிட்டே வந்த."

எனக்கு அது நினைவில்லை.

"ஏன் மகள் கேக்கல்ல?"

"நீங்களாச் சொல்லணும் எண்டு இரிந்தன்." மீண்டும் துருவத் தொடங்கினாள். சற்றுப் பொறுத்து, திரும்பாமலே சொன்னாள்: "அந்த வசனத்த எடுக்க உடாதீங்க. டீச்சர்ட வீட்டயும் போங்க."

போனேன். பஞ்சில் பொதிந்த விதையை முதலில் மகளின் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். அது அவளுக்கென்று கொண்டுவரப்பட்டது. மூன்று மாதங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

ஆசிரியை என்னை உட்காரச் சொன்னார். நான் பேசத் தொடங்குமுன் அவரே தொடங்கினார்: "சேர், நான் கைய உட்டிரிக்கப்படா. தெரிஞ்சிட்டே உட்டன்."

"நான் சொன்னதாலதான் உட்டீங்க. ஒங்களுக்குப் படிப்பிச்சவன் நான். இண்டைக்கு அஸருக்குப் பொறகு நேசரிக்கு வாங்க."

"கூப்பிடாமலா?"

"நான்தானே கூப்பிடுறன்."

நேசரியில் பெரியவர்களுக்குக் கதிரைகள் இல்லை. நிர்வாகக் குழுவினர் பிள்ளைகளின் சிறு கதிரைகளில், முழங்கால்கள் நெஞ்சை எட்ட, உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை கதவருகில் நின்றார். அவரைக் கண்டதும் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குழுவில் ஒருவர் தொடங்கினார்: "சேர் பயாலஜிகாரரு. அவருக்கு ஸம்ஸமும் ஒண்டுதான், கெணத்துத் தண்ணியும் ஒண்டுதான்."

சிலர் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

"மச்சான்" என்றார், "தண்ணி குடுக்கப்படாது எண்டு எழுதினாக் காணும்தானே? எல்லாத் தண்ணியும் அதுக்குள்ள வந்திரும்."

"வராது மச்சான். அதுக்குள்ள ஸம்ஸம் வராது எண்டு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த மண்டபத்துல நாப்பது டீச்சர்மார் இரிந்தாங்க. தண்ணி குடுக்கப்படா எண்டு ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான், ஸம்ஸம் குடுக்கலாமா எண்டு கேட்டாங்க."

"அது ஈமான், நம்மட நம்பிக்க."

"ஓம், ஈமான்தான். நான் இல்லெண்டு சொல்லல்ல."

"அப்ப என்னத்துக்கு எழுதுற? ஹாஜியார்ர தண்ணியால புள்ள மௌத்தாச்சு எண்டு செவத்துல கெடக்கட்டும் எண்டா? நான் காய்ச்சலோட பாயில கெடந்து அந்தத் தண்ணிய அனுப்பினன் மச்சான். என்ட தங்கச்சிட பேத்தி அவ."

அவருடைய குரல் அங்கே உடைந்தது. அவருடைய துக்கம் என் துக்கத்தைவிடச் சிறியதல்ல என்பதை நான் அறிவேன். அதற்காகவும் நான் பின்வாங்கவில்லை.

"அந்த ஊத்து எதுக்கு வந்திச்சு மச்சான்?" என்றேன். "தாகத்துல அழுத ஒரு புள்ளைக்கு வந்திச்சு. அந்தப் புள்ளட தாய் என்ன செஞ்சா? நஸீபு எண்டு குந்தியா இரிந்தா? ரெண்டு மலைக்கும் நடுவுல ஏழு தரம் ஓடினா. நீ ஹஜ்ஜுக்குப் போய் அவ ஓடின மாதிரி ஓடித்தானே வந்திரிக்க? அல்லாஹ் அந்த ஓட்டத்தத்தான் கடமையாக்கினான், குந்தி இரிக்கிறத இல்ல. தாகத்துக்குத் தந்த தண்ணிய அடைப்புக்கு ஊத்தினா, பிழை தண்ணில இல்ல. ஊத்தின கையில."

"யாரு ஊத்தின? இவதானே..." என்று ஒருவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"நான் ஊத்தினன்."

நான் தொடர்ந்தேன், எதையும் குறைக்காமல்: "விதைய எடுப்பமா எண்டு டீச்சர் கேட்டா. வேணாம் எண்டது நான். தண்ணி வேணாம் எண்டும் அவ சொன்னா. இது ஸம்ஸம் எண்டு சொல்லி அவட கைய விலக்கினது நான். டாக்குத்தர் கேட்டதுக்கு இல்ல எண்டு பொய் சொன்னதும் நான். அவ முதுகுல அடிச்சது புள்ளய மீட்க. நீங்க றோட்டுல பார்த்தது அதைத்தான்."

பிறகு மச்சான் தாழ்ந்த குரலில், என்னை மன்னிக்கும் குரலில், சொன்னார்:

"அது அவட நஸீபு மச்சான். யாரு ஊத்தினாலும் நடக்கிறதுதான் நடக்கும்."

அந்தக் கருணையை நான் ஏற்கவில்லை.

"நஸீபு எண்டா, டீச்சர ஏன் வீட்ட நிப்பாட்டின?"

சிறு கதிரை ஒன்று கிரீச்சிட்டது.

"டீச்சர் செஞ்சா குத்தம், நான் செஞ்சா நஸீபா? ஒரு நியாயத்தச் சொல்லு மச்சான். எது எண்டாலும் ஒண்டு."

ஆசிரியை மறுநாளிலிருந்து வேலைக்கு வரலாம் என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று. வாக்கியத்தைப் பற்றி முடிவாகவில்லை. "பொறகு பார்ப்பம்" என்றார்கள். எங்கள் ஊரில் பிறகு பார்ப்போம் என்பது பார்க்கவே மாட்டோம் என்பதன் மரியாதையான வடிவம். நான் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை பெயின்ட் டின்னும் தூரிகையும் வாங்கிக்கொண்டு போனேன். சட்டம் போட்ட தாளைக் கழற்றிவிடலாம். ஆகவே சுவரில் எழுதினேன். பதினொரு விதிகளும், ஆசிரியையின் மேசைக்கு நேரெதிரே, கறுப்பு எழுத்தில். கரும்பலகைக் கை இன்னும் நேராகவே எழுதியது. ஏழாம் விதியின் கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது பிள்ளைகள் வந்துவிட்டார்கள். "சேர் செவத்துல கிறுக்குறாரு" என்று ஒருவன் ஆசிரியையிடம் முறையிட்டான். "அது கிறுக்கல் இல்ல, படிச்சு வெச்சுக்கொள்ளுங்க" என்றார் அவர்.

சில மாதங்களில் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். மற்ற வரிகளைச் சுற்றிக் கவனமாக அடித்திருந்தார்கள். அந்த ஒரு வரி மட்டும், தூரிகை தவறிப் பட்டதுபோல், வெள்ளையில் மறைந்திருந்தது. நான் மீண்டும் எழுதினேன். மறுபடியும் தூரிகை தவறியது. மூன்றாம் முறை நான் டின்னோடு போய்ச் சேர்ந்தபோது வரி ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது. எழுத்து என்னுடையதல்ல. சற்றே இடப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்தை, என் மகள் முதன்முதலாகச் சிலேட்டுப் பிடித்த நாளிலிருந்து அறிவேன். அதற்குப் பிறகு அந்த வரியின் மேல் எந்தத் தூரிகையும் தவறவில்லை.

தண்ணீர் ஊற்றாதிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் விடை இல்லை. வைத்தியரிடமும் இருக்கவில்லை. விடை தெரியாது என்பதை மன்னிப்பாக மாற்றிக்கொள்ள நான் மறுக்கிறேன். இருமல் சத்தம் இருந்தது, மூச்சு இருந்தது, அதைத் தொடர விட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவு. அவ்வளவும் சுவரில் இருக்கிறது.

மறு ஆண்டு மச்சானின் மருமகன் ஹஜ்ஜுக்குப் போய்வந்தார். ஒரு நாள் முற்பகலில் மச்சான் நேசரிக்கு வந்தார். தலையில் தொப்பி, கையில் துணியால் மூடிய பெரிய தட்டு. நான் அப்போது ஆசிரியையோடு முதலுதவிப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மச்சானும் நானும் பேசியிருந்தது ஸலாம் மட்டுந்தான். அவர் தட்டை மேசையில் வைத்துத் துணியை விலக்கினார். பழங்கள் எல்லாம் நடுவே பிளக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் சிறு சிறு பொட்டலங்கள். ஒவ்வொன்றும் கைத்தறித் துணித் துண்டில் முடியப்பட்டு, சட்டையில் குத்த ஓர் ஊசியோடு.

"விதைகள் உம்மாமாருக்கு" என்றார் ஆசிரியையிடம். பிறகு என் பக்கம் திரும்பாமல், சுவரையும் பாராமல், எனக்குச் சொன்னார்:

"விதைய எடுத்துட்டன். தண்ணி கொண்டரல்ல. வசனத்தப் பத்திக் கதைக்காத."

நான் கதைக்கவில்லை. வாக்கியம் சுவரில் இருந்தது.